சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே: மிச்சிகன் 2022, ஒரு நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றிய ஆய்வு

2022 ஆகஸ்ட் 31. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத் தலைநகரம் லான்சிங். நான்கு பேர் ஒரு மனுவைப் பற்றி முடிவெடுக்கக் கூடியிருந்தார்கள். அந்த மனுவில் ஏழரை லட்சம் கையெழுத்துகள் இருந்தன. எண்ணிக்கை போதும். கையெழுத்துகளும் சரி. குறை வேறொரு இடத்தில் இருந்தது. மனுத்தாளில் அச்சாகியிருந்த சட்ட வாசகத்தின் சில வரிகளில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவே இடைவெளி கண்ணுக்குத் தெரியவில்லை.

இந்த ஒரு குறைக்காக, மாநில அரசமைப்பைத் திருத்தும் கேள்வி மக்கள் முன் போகாமலே நின்றிருக்கும். கடைசியில் போனது. போவதற்கு உச்ச நீதிமன்றம் வரை ஏற வேண்டியிருந்தது. ஒரு திருத்தம் வாக்குச்சீட்டை எட்டும் வழியில் எந்தெந்த இடத்தில் யார் என்ன முடிவெடுக்கிறார்கள், எந்த இடத்தில் அது சிக்கிக்கொள்ளலாம் என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் நிகழ்வு எனக்கு வேறு தெரியவில்லை. அதனால் முதலிலிருந்து எழுதி வைக்கிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயர் தேவைப்படவில்லை. பொறுப்பு மட்டும் போதும்.

திருத்தத்தின் பொருள் கருக்கலைப்பு உரிமை. அது சரியா தவறா என்ற விவாதத்துக்குள் இந்த ஆய்வு போகவில்லை. கேள்வி மக்களிடம் எப்படிப் போனது என்பதுதான் இங்கே விஷயம்.

பின்னணி: இரண்டு வாசல்கள்

இந்தியாவில் அரசமைப்புத் திருத்தம் நாடாளுமன்றத்தோடு முடிகிறது. சில பிரிவுகளுக்கு மட்டும் பாதி மாநிலச் சட்டப்பேரவைகளின் ஒப்புதல் வேண்டும். இலங்கையில் ஒரு சில பிரிவுகளைத் திருத்த மக்கள் தீர்ப்பும் வேண்டும். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அரசமைப்பு உண்டு. அதைத் திருத்த வேண்டுமென்றால் டெலவேர் தவிர மற்ற எல்லா மாநிலங்களிலும் வாக்காளர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே அங்கே சண்டையின் பாதி, திருத்தம் நல்லதா என்பதில் இல்லை. அது வாக்குச்சீட்டில் ஏறுமா என்பதில்தான் இருக்கிறது.

மிச்சிகனின் இன்றைய அரசமைப்பு 1963-ஆம் ஆண்டினுடையது. அதன் 12-ஆவது பகுதி இரண்டு முக்கிய வாசல்களைத் திறந்து வைக்கிறது. ஒன்று சட்டமன்றத்தின் வாசல். இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையோடு தீர்மானம் போட்டால் திருத்தம் நேரே வாக்குச்சீட்டுக்குப் போகும். கையெழுத்து வேண்டாம், மனுத்தாள் வேண்டாம். இன்னொன்று மக்களின் வாசல். கடைசியாக நடந்த ஆளுநர் தேர்தலில் பதிவான மொத்த வாக்குகளில் 10 விழுக்காட்டுக்குக் குறையாத எண்ணிக்கையில் பதிவுபெற்ற வாக்காளர்கள் கையெழுத்துப் போட வேண்டும். தேர்தலுக்கு 120 நாளுக்கு முன்பே மனுவைக் கொடுத்துவிட வேண்டும்.

(மூன்றாவதாக ஒன்றும் உண்டு. பதினாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை, அரசமைப்பையே புதிதாக எழுத ஒரு பேரவை கூட்டலாமா என்று வாக்காளர்களைக் கேட்டாக வேண்டும். 2010-இல் கேட்டார்கள், வேண்டாம் என்றார்கள்.)

2018 ஆளுநர் தேர்தலின் கணக்குப்படி, 2022-இல் மக்கள் வாசல் வழியாக வர 4,25,059 செல்லுபடியாகும் கையெழுத்துகள் தேவைப்பட்டன. மனு கொடுக்கும் நாளுக்கு 180 நாளுக்கு முன் போட்ட கையெழுத்து கணக்கில் வராது. அரையாண்டுக்குள் வேலை முடிய வேண்டும் என்று பொருள்.

மனுத்தாளுக்கென்று தனிச் சட்டமே இருக்கிறது. தலைப்பு எத்தனை பாயிண்ட் (அச்செழுத்தின் அளவு) எழுத்தில் இருக்க வேண்டும், எச்சரிக்கை வாசகம் எப்படி இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் வரையறை உண்டு. திருத்தத்தின் முழு வாசகமும் 8 பாயிண்ட் எழுத்தில் தாளிலேயே அச்சாகியிருக்க வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர் எதற்குப் போடுகிறோம் என்பதைப் படித்துப் பார்க்க முடிய வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம். நல்ல நோக்கம்.

வாசலில் நால்வர்

மனு வந்து சேர்ந்ததும் அதைச் சரிபார்த்துச் சான்றளிப்பது மாநிலத் தேர்தல் சான்று வாரியம். நான்கு உறுப்பினர்கள். இரு பெரிய கட்சிகளுக்கும் ஆளுக்கு இரண்டு இடம். ஒரு முடிவு நிறைவேற மூன்று வாக்கு வேண்டும். இரண்டுக்கு இரண்டு என்று நின்றுவிட்டால் மனு அங்கேயே நின்றுவிடும்.

ஒரு கட்சி மட்டும் தன் இஷ்டத்துக்கு ஆடக்கூடாது என்று நினைத்துச் செய்த ஏற்பாடு இது. ஆனால் அதே ஏற்பாடு, எந்தக் கட்சியும் கையை விரித்தால் போதும், மனு முடங்கிவிடும் என்ற நிலையையும் உண்டாக்கிவிட்டது. 2005-இல் அரசுக் கல்வி, வேலைவாய்ப்பில் இன, பாலின அடிப்படையிலான முன்னுரிமையைத் தடை செய்யும் திருத்தத்துக்கான மனு வந்தபோது வாரியம் சான்றளிக்கவில்லை. ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள் என்பது அப்போது வந்த புகார். மேல்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவிட்டு அது வாக்குச்சீட்டில் ஏறியது. 2006 நவம்பரில் 58 விழுக்காட்டு ஆதரவோடு நிறைவேறியது. அன்று தடுத்த கட்சி வேறு, 2022-இல் தடுத்த கட்சி வேறு. இதைச் சொல்லாமல் விட்டால் ஆய்வு நேர்மையாக இருக்காது.

2012-இல் இன்னொரு வழக்கு. கடனில் மூழ்கிய நகராட்சிகளுக்கு அவசர மேலாளர்களை நியமிக்கும் சட்டத்தை மக்கள் வாக்குக்குக் கொண்டுவரும் மனு அது. தலைப்பு 14 பாயிண்டில் இருக்க வேண்டும், இதில் சற்றுச் சிறியதாக இருக்கிறது என்று எதிர்த்தரப்பு சொன்னது. வாரியம் இரண்டுக்கு இரண்டு. எழுத்தின் உயரத்தை எங்கிருந்து எங்கே அளப்பது என்று நீதிபதிகள் முன் வாதாடினார்கள். அந்த ஆகஸ்டில் மாநில உச்ச நீதிமன்றம், தலைப்பு 14 பாயிண்ட்தான், மனு செல்லும் என்றது. கூடவே ஒன்றையும் சொன்னது: மனுத்தாளின் வடிவ விதிகளை ஏறத்தாழ நிறைவேற்றினால் போதாது, அப்படியே நிறைவேற்ற வேண்டும். பத்தாண்டுக்குப் பின் நடந்ததை இந்த வரியை நினைவில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

2022 மே மாதத்தில் அதே வாரியத்தின் முன் இன்னொரு விவகாரம் வந்தது. ஆளுநர் பதவிக்கு நின்ற ஐந்து வேட்பாளர்களின் மனுக்களில் போலிக் கையெழுத்துகள் நிறைந்திருந்தன. கூலிக்குக் கையெழுத்துச் சேகரித்த 36 பேர், பல வேட்பாளர்களுக்குமாகச் சேர்த்து 68,000-க்குக் குறையாத செல்லாத கையெழுத்துகளைக் கொடுத்திருந்ததாகத் தேர்தல் அலுவலகம் கண்டது. வாரியம் அங்கும் இரண்டாகப் பிரிந்தது. நீதிமன்றங்கள் தலையிட மறுத்தன. ஐந்து பேரும் வாக்குச்சீட்டில் இல்லை. தாளைக் கறாராகப் பார்ப்பது வெட்டிவேலை இல்லை என்பதற்கு இதுவே சாட்சி.

ஜனவரி முதல் ஜூலை வரை

2022 ஜனவரியில் மூன்று அமைப்புகள் சேர்ந்து கையெழுத்து இயக்கத்தைத் தொடங்கின. மிச்சிகனில் கருக்கலைப்பைக் குற்றமாக்கும் 1931-ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டில் அப்படியே இருந்தது. கருக்கலைப்பை நாடு முழுவதற்கும் உரிமையாக்கிய 1973-இன் கூட்டாட்சி உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அது தூங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தீர்ப்பு விழப்போகிறது என்ற பேச்சு பலமாக இருந்த நேரம்.

அவர்கள் எடுத்த முதல் முடிவு, சாதாரணச் சட்டமா, அரசமைப்புத் திருத்தமா என்பது. சட்டத்துக்கான மனுவுக்கு 8 விழுக்காடு கையெழுத்து போதும், அதாவது 3,40,047. திருத்தத்துக்கு அதைவிட 85,000 அதிகம். இருந்தும் திருத்தத்தையே தேர்ந்தெடுத்தார்கள். சட்டமாக வந்தால் பின்னாளில் சட்டமன்றம் நான்கில் மூன்று பங்கு வாக்கில் அதை மாற்றலாம். அரசமைப்பில் ஏறிவிட்டால் மறுபடி மக்கள் வாக்கு இல்லாமல் யாரும் தொட முடியாது. என்னைக் கேட்டால், அவர்களுடைய இலக்குக்கு இது சரியான முடிவு. ஆனால் கனமான வாசலைத் தேர்ந்தெடுத்தால் தாளும் அதற்கேற்ற கவனத்தோடு தயாராக வேண்டும்.

இரண்டாவது முடிவு, தேவைக்கு மேலே எவ்வளவு சேர்ப்பது. பெயர் பதிவில்லாதவர், வேறு மாவட்டத்தவர், தேதி விடுபட்டவர், இரண்டு முறை போட்டவர் என்று எந்த மனுவிலும் கழிவு இருக்கும். மே மாதத் தொடக்கத்தில், 1973 தீர்ப்பை ரத்து செய்யும் கூட்டாட்சி உச்ச நீதிமன்றத்தின் வரைவுத் தீர்ப்பு கசிந்தது. ஜூன் 24 அன்று தீர்ப்பே வந்தது. கையெழுத்துப் போட ஆட்கள் தாங்களாகவே தேடி வரும் நிலை உண்டானது. நவம்பர் 8 தேர்தலுக்கு 120 நாள் முன் என்றால் ஜூலை 11. அந்தக் கடைசி நாளில் அவர்கள் கொடுத்தது 7,53,759 கையெழுத்துகள். மிச்சிகன் வரலாற்றில் எந்த முன்மொழிவுக்கும் அவ்வளவு வந்ததில்லை.

தேர்தல் அலுவலகம் ஒவ்வொரு கையெழுத்தையும் பார்ப்பதில்லை. முதலில் தாள்களை மேலோட்டமாகப் பார்த்து வெளிப்படையான பிழைகளைக் கழிக்கிறார்கள். பின்பு குலுக்கல் முறையில் ஒரு மாதிரியை எடுத்து வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு, அதிலிருந்து மொத்தத்தைக் கணிக்கிறார்கள். கணிப்பு 5,96,379. தேவையைவிட 1,71,000 அதிகம். எண்ணிக்கையைப் பொறுத்தவரை விஷயம் அத்தோடு முடிந்தது.

ஆகஸ்ட்: தாளில் கண்டது

எண்ணிக்கையில் பிடி கிடைக்காது என்று தெரிந்ததும் எதிர்த்தரப்பு தாளைக் கையில் எடுத்தது. திருத்த வாசகத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார்கள் என்றே சொல்ல வேண்டும். புதிதாகச் சேர்க்கும் வாசகம் முழுதும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், 8 பாயிண்டில், நெருக்கமான வரிகளில் இருந்தது. அதன் பல இடங்களில் சொற்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. தமிழில் அதே விளைவைக் காட்ட வேண்டுமானால் இப்படி இருக்கும்:

கருவுறுதல்தொடர்பானஎல்லாவிஷயங்களிலும்முடிவெடுக்கும்உரிமை

படிக்க முடிகிறதா? முடிகிறது. கண் ஒரு கணம் தடுக்குகிறதா? தடுக்கிறது. வழக்கு முழுவதும் இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவே நடந்தது.

எதிர்த்தரப்பின் வாதம் இது. சட்டம் கேட்பது முழு வாசகம். வாசகம் சொற்களால் ஆனது. சொல்லைச் சொல்லாக்குவது இடைவெளி. இடைவெளி போனால் அங்கே இருப்பது சொல் இல்லை, எழுத்துக் கூட்டம். அந்த எழுத்துக் கூட்டத்தைத்தான் அரசமைப்பில் ஏற்றப் போகிறீர்களா? கையெழுத்து வாங்கி முடிந்தபின் வாசகத்தைத் திருத்தவும் முடியாதே?

இதைக் குதர்க்கம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. தமிழ் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் நன்றாகத் தெரியும். நன்னூல் பொதுமொழி என்று ஒரு வகையே வைத்திருக்கிறது. தாமரை என்பது பூ, பிரித்தால் தாவும் மரை. வேங்கை என்பது மரமோ புலியோ, பிரித்தால் வேகும் கை. பலகை என்பது மரப்பலகை, பிரித்தால் பல கைகள். பிரிக்கிற இடத்தில் பொருள் மாறுகிறது. நீதிமன்றத்தில் ஒரு சட்ட வாசகம் இப்படி இரண்டாகப் பொருள் தந்தால் அது விளையாட்டு அல்ல.

ஆனால் அதே மரபு இன்னொன்றையும் சொல்கிறது. நம் ஓலைச்சுவடிகளில் சொல் பிரிப்பு கிடையாது, மெய்யெழுத்துக்குப் புள்ளியும் கிடையாது. அடுத்தடுத்து எழுத்துகள், அவ்வளவுதான். நூற்றாண்டுகளாக அதைப் படித்தார்கள், பாடம் சொன்னார்கள், வழக்கும் தீர்த்தார்கள். பதம் பிரித்து அச்சிட்டது பிற்காலத்து வசதி. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, இடைவெளி இருக்கிறதா என்பது அல்ல. இடைவெளி இல்லாததால் யாராவது வேறு பொருளில் புரிந்துகொண்டார்களா என்பதுதான். மிச்சிகன் வாசகத்தில் ஒட்டிக்கிடந்த எந்தத் தொடரையும் வேறு விதமாகப் பிரித்து இரண்டாவது பொருள் காண முடியவில்லை.

தேர்தல் அலுவலகம் தன் அறிக்கையில் கையெழுத்துகள் போதும் என்றது. இடைவெளியைப் பற்றி, எழுத்துக்கும் சொல்லுக்கும் நடுவே எவ்வளவு இடம் விட வேண்டும் என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை என்று குறிப்பிட்டு நிறுத்திக்கொண்டது.

ஆகஸ்ட் 31: இரண்டுக்கு இரண்டு

வாரியக் கூட்டத்துக்கு இரு தரப்பிலிருந்தும் பெரிய கூட்டம் வந்திருந்தது. மணிக்கணக்கில் பேசினார்கள். பேசியவர்களில் பலர் கருக்கலைப்பைப் பற்றியே பேசினார்கள், வாரியத்துக்கு அதில் அதிகாரமே இல்லை என்றபோதும். வாக்கெடுப்பில் குடியரசுக் கட்சி உறுப்பினர் இருவரும் சான்றளிக்க மறுத்தார்கள். ஜனநாயகக் கட்சி உறுப்பினர் இருவரும் ஆதரித்தார்கள். மூன்று வாக்கு இல்லை. மனு நின்றது.

அன்றே இன்னொரு மனுவும் அதே விதமாக நின்றது. வாக்களிக்கும் உரிமைகளை விரிவாக்கும் திருத்தம் அது. அதன்மேல் புகார் வேறு. தான் மாற்றப்போகும் அரசமைப்புப் பிரிவுகள் எல்லாவற்றையும் மனுத்தாள் குறிப்பிடவில்லை என்பது.

மறுத்த இருவரின் நிலையை நியாயமாக எடுத்துச் சொல்ல வேண்டும். 2012 தீர்ப்பு, விதியை அப்படியே நிறைவேற்ற வேண்டும் என்றது. அச்சான தாளில் குறை கண்ணுக்கு முன்னால் இருந்தது. சந்தேகம் இருந்தால் நீதிமன்றம் தீர்த்துக்கொள்ளட்டும் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். ஆனால் வாரியத்தின் வேலை எழுத்தர் வேலை. சட்டம் கேட்டது தாளில் இருக்கிறதா என்று பார்ப்பது. சட்டம் கேட்காத ஒன்று இல்லை என்பதற்காக மறுக்க அந்த வேலையில் இடமில்லை. இடைவெளியைப் பற்றி விதியே இல்லாதபோது அவர்கள் எந்த விதியை நிறைவேற்றினார்கள்? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை.

ஒன்பது நாள்

இதற்குப் பின் ஒவ்வொரு நாளும் கணக்கு. வாக்குச்சீட்டில் என்னென்ன கேள்விகள் வரும் என்பதைச் செப்டம்பர் 9-க்குள் மாவட்ட எழுத்தர்களுக்கு (தேர்தலை நடத்தும் உள்ளூர் அலுவலர்கள்) சொல்லியாக வேண்டும். வெளிநாட்டிலிருக்கும் வாக்காளர்களுக்கும் படைவீரர்களுக்கும் தேர்தலுக்கு 45 நாள் முன்பே சீட்டு போக வேண்டும். அச்சகத்துக்கு அதற்கு முன்பே நேரம் வேண்டும்.

அதனால் இயக்கத்தினர் கீழ் நீதிமன்றங்களில் நிற்காமல் நேரே மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். இது துணிச்சலான முடிவு. அங்கே தோற்றால் அடுத்த படி கிடையாது. ஆனால் படிப்படியாகப் போயிருந்தால் ஜெயித்தாலும் தேதி போயிருக்கும்.

செப்டம்பர் 8 அன்று நீதிமன்றம் 5-2 என்று உத்தரவு போட்டது. சான்றளிக்க வாரியத்துக்குச் சட்டப்படியான கடமை இருக்கிறது, சான்றளிக்க வேண்டும். உத்தரவு சின்னதுதான். இடைவெளி இருக்கிறதா இல்லையா, எவ்வளவு இருக்கிறது என்ற சண்டைக்குள் அது போகவே இல்லை. எப்படியிருந்தாலும் சொற்கள் எல்லாம் இருக்கின்றன, அதே வரிசையில் இருக்கின்றன, 8 பாயிண்டில் இருக்கின்றன, சட்டம் கேட்டது அவ்வளவுதான் என்றது. 2012-இன் கறார் அளவுகோலை அது தளர்த்தவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதே கறாரைத் திருப்பிப் போட்டது. விதியில் இருப்பதை அப்படியே நிறைவேற்ற வேண்டும் என்றால், விதியில் இல்லாததைக் கேட்கவும் கூடாது.

தலைமை நீதிபதி தனியாகச் சில வரிகள் எழுதினார். இத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அந்தப் பகுதிகளைப் படித்துக் குழம்பிப்போனேன் என்று சொல்லும் ஒரே ஒருவரைக்கூட எதிர்த்தரப்பு கொண்டுவரவில்லை என்பது அதன் சாரம். காலம் போகும் போக்கைப் பற்றி வருத்தத்தோடு ஒரு வரியும் எழுதினார்.

இன்னொரு நீதிபதி பார்வையற்றவர். அவர் எழுதியதும் சுருக்கம்தான். சொற்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியும் இடைவெளி தனக்கு ஒருநாளும் பெரிய விஷயமாக இருந்ததில்லை, சொற்களே தொழிலாக இருக்கும் தனக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை என்றார். அவர் சட்டத்தைக் காதால் கேட்டு மனத்தில் வைத்துக்கொள்கிறவர். படிக்கப்படும்போது வாசகம் முழுதாகவே ஒலிக்கிறது. இத்தனை வக்கீல்களின் வாதங்களையும்விட இந்த இரண்டு வரி என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

எதிர்த்து எழுதிய இரு நீதிபதிகளும் வாசகத்தின் முழுமை இடைவெளியையும் உள்ளடக்கியது என்ற பக்கம் நின்றார்கள். ஐவரில் ஒருவர் குடியரசுக் கட்சி முன்மொழிந்து வந்தவர் என்பதையும் சேர்த்தே பதிவு செய்கிறேன். கட்சிக் கோட்டில் மட்டும் பிரிந்த தீர்ப்பு இல்லை இது. வாக்குரிமைத் திருத்தத்துக்கும் அன்றே அதேபோல உத்தரவு வந்தது.

மறுநாள், செப்டம்பர் 9, வாரியம் மறுபடி கூடிச் சான்றளித்தது. கடைசி நாள்.

பின்பு நடந்தது

நவம்பர் 8 அன்று மிச்சிகன் வாக்காளர்கள் கையில் மூன்று அரசமைப்புத் திருத்தங்கள் இருந்தன. கருவுரிமைத் திருத்தம் மூன்றாவது. சுமார் 56.7 விழுக்காட்டு ஆதரவோடு நிறைவேறியது. இரண்டாவதான வாக்குரிமைத் திருத்தம் 60 விழுக்காட்டோடு நிறைவேறியது.

முதலாவது திருத்தத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. உறுப்பினர்களின் பதவிக்கால வரம்பையும் சொத்துக் கணக்கு வெளியிடுவதையும் பற்றியது. அது சட்டமன்றத்தின் வாசல் வழியாக வந்தது. மே மாதத்தில் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்களித்தன, அப்புறம் நேரே வாக்குச்சீட்டு. பாயிண்ட் அளவில்லை, இடைவெளியில்லை, வாரியத்தின் நான்கு வாக்கில்லை. சட்டமன்றத்தின் தீர்மானத்தில் அச்சுப்பிழை இருந்திருந்தால் ஒரு எழுத்தர் சரிசெய்திருப்பார். ஒரே வாக்குச்சீட்டில் அடுத்தடுத்து இருந்த கேள்விகள். வந்த பாதைகளுக்கு நடுவே இவ்வளவு தூரம்.

இரண்டாவது திருத்தத்தில் ஒரு வாசகம் இந்த ஆய்வுக்கு நெருக்கமானது. தேர்தல் முடிவுகளுக்குச் சான்றளிப்பது வாரியத்தின் எழுத்தர் கடமை, அதில் விருப்புரிமை கிடையாது என்று அது அரசமைப்பிலேயே எழுதிவிட்டது. ஆனால் அது தேர்தல் முடிவுகளுக்குத்தான். மனுக்களைப் பற்றிய வேலைக்கு அப்படி ஒரு வரி அதில் இல்லை.

தேர்தல் முடிந்து 45 நாள் கழிந்ததும் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. 1931-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கும் சட்டம் 2023 ஏப்ரலில் கையெழுத்தானது. அரசமைப்பின் முதல் பகுதியில் 28-ஆவது பிரிவாக அந்த வாசகம் இன்று இருக்கிறது. சொற்களுக்கு நடுவே இடைவெளியோடுதான் அச்சாகிறது.

என்ன மாற வேண்டும்

முதலில் இயக்கத்தினரின் பக்கம். குறை அவர்கள் தாளில்தான் தொடங்கியது. அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு வரியை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்து ஒரு பக்கத்தில் அடக்கப் பார்க்கும்போது, கடைசித் திருத்தம் போட்டு மறு மெய்ப்பு பார்க்காமல் அச்சுக்கு அனுப்பும்போது, இப்படித்தான் ஆகும். மூலத்தை ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் மெய்ப்பில் விரல் வைத்துப் பின்தொடர்வது பழைய முறை. ஆனால் உரக்கப் படித்தால் இந்தப் பிழை சிக்காது என்பதுதான் இதில் வேதனை. காதுக்கு எல்லாம் சரியாகவே கேட்கும். அச்சான தாளையே கையில் எடுத்து, வாசகத்தை முன்பின் பார்த்திராத ஒருவர் கண்ணால் படிக்க வேண்டும். ஏழரை லட்சம் கையெழுத்துக்கு முன் ஒரு மணி நேர வேலை அது.

அடுத்தது அரசின் பக்கம், இதுவே முக்கியம் என்பது என் கருத்து. கையெழுத்துத் தொடங்கும் முன்பே மனுத்தாளின் வடிவத்தை வாரியத்திடம் காட்டி ஒப்புதல் வாங்க மிச்சிகன் சட்டத்தில் வழி இருக்கிறது. அந்த ஒப்புதல், மக்கள் கையில் போகும் அதே அச்சுத்தாளுக்கே தரப்பட வேண்டும். தந்தபின் வடிவத்தைக் காரணம் காட்டி மறுக்க முடியாது என்றும் ஆக வேண்டும். வடிவக் குறையைச் சொல்ல விரும்புகிறவர் முதல் மாதத்திலேயே சொல்லட்டும். அப்போது சொன்னால் தாளை மாற்றி அச்சடிக்கலாம், ஒரு வாரம் தாமதமாகும். ஆகஸ்டில் சொன்னால் ஏழரை லட்சம் பேரின் கையெழுத்து போகிறது. போலிக் கையெழுத்து அப்படியில்லை. அது கடைசியில்தான் தெரியும், கடைசியில்தான் தேட வேண்டும். இரண்டையும் ஒரே வாசலில் ஒரே நாளில் வைத்துப் பார்ப்பதுதான் பிசகு.

தாமதத்தின் விலை எவ்வளவு பெரியதாகப் போகும் என்பதற்கு மிசிசிப்பி மாநிலம் இருக்கிறது. அங்கே கையெழுத்துகள் ஐந்து காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) தொகுதிகளிலிருந்து சமமாக வர வேண்டும் என்று 1992-இல் விதி எழுதினார்கள். பின்பு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்தின் தொகுதிகள் நான்காகக் குறைந்தன. விதியை யாரும் திருத்தவில்லை. 2020 நவம்பரில் மருத்துவக் கஞ்சாவுக்கு அனுமதி தரும் திருத்தத்தை வாக்காளர்கள் பெரும்பான்மையாக ஏற்றார்கள். 2021 மே மாதத்தில் மாநில உச்ச நீதிமன்றம், இல்லாத ஐந்தாவது தொகுதியிலிருந்து கையெழுத்து வாங்க முடியாது, ஆகவே மனுவே செல்லாது என்று முடிவையே ரத்து செய்தது. மக்கள் வாக்களித்து ஆறு மாதம் கழித்து. அதோடு அந்த மாநிலத்தில் மக்கள் மனு வழியே அடைபட்டது.

வாரியத்தின் அமைப்பு மாற வேண்டுமா என்றும் கேட்கலாம். நான்கை ஐந்தாக்கினால் தேக்கம் தீரும், ஆனால் ஐந்தாவது ஆளை யார் நியமிப்பது என்ற சண்டை வரும். அதைவிட, வாரியம் சம வாக்கில் நின்றால் மனு தானாகவே தேர்தல் அலுவலகத்தின் பரிந்துரைப்படி நடக்கும், ஆட்சேபணை உள்ளவர் நீதிமன்றம் போகட்டும் என்று வைப்பது எளிது. இன்று மனுதாரர் தலையில் இருக்கும் சுமை ஆட்சேபிப்பவர் தலைக்கு மாறும். 2022 மே மாதத்து ஐந்து வேட்பாளர்களும் இந்த விதிப்படி வெளியேதான் இருந்திருப்பார்கள், ஏனென்றால் அலுவலகத்தின் பரிந்துரை அதுதான். ஆகஸ்ட் 31 அன்று நின்றுபோன கருவுரிமை மனு செப்டம்பர் 9 வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்காது.